அடடா, இவரல்லவா விமர்சகர்!

நான் கிரஹாம் கிரீனின் பரம ரசிகன். நாவலாசிரியர் கிரீனின் ரசிகன் அல்ல. அந்தக் கிரீனுக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் இருக்கிறார்கள். கண்டியிலிருந்து நான் ஒருவன் போய்ச் சேர்ந்து அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. என் ஆள் வேறு. 1935ஆம் ஆண்டு நடுப்பகுதியிலிருந்து 1940 வரை லண்டன் 'ஸ்பெக்டேட்டர்' வார இதழுக்காகத் தியேட்டர் தியேட்டராக ஏறி இறங்கி, கூலிக்குப் படம் பார்த்து எழுதினாரே, அந்தக் கிரீன். நாலரை வருடத்தில் 400க்கும் மேற்பட்ட படங்கள்! அந்த விமர்சனங்களை 1972இல் 'தி பிளெஷர் டோம்' என்ற பெயரில் தொகுத்துப் போட்டார்கள். கண்டி டவுனில் ஒரு பழைய புத்தகக் கடையில், ஓ/எல் கணக்குப் பயிற்சிப் புத்தகங்களுக்கு நடுவே அது கிடந்தது. அட்டை கிழிந்திருந்ததால் கடைக்காரர் பேரம்கூடப் பேசவில்லை. அன்றிலிருந்து எனக்கு வேறு புத்தகம் ஓடவில்லை.

இந்த வேலைக்கு அவர் வந்த கதையே ஜோர். ஒரு விருந்தில் மூன்றாவது மார்ட்டினி உள்ளே போன பிறகு பேச்சுவாக்கில் 'ஸ்பெக்டேட்டர்' இதழின் பொறுப்பிலிருந்தவரிடம், நான் உங்களுக்குச் சினிமா விமர்சனம் எழுதட்டுமா என்று கேட்டுவிட்டாராம். நாவல் எழுதுகிற தலைவலியிலிருந்து ஒரு மாறுதல் வேண்டும், அவ்வளவுதான் எண்ணம். போதையில் கேட்டது நாலரை வருட உத்தியோகமாகிவிட்டது. போதையில் எடுத்த முடிவுகளில் இதைவிடப் பயனுள்ளதை நான் கேள்விப்பட்டதில்லை.

சரி, என்னதான் அப்படி எழுதினார்? இந்த ஆளுடைய தீர்ப்பை முன்கூட்டி ஊகிக்கவே முடியாது. பெரிய பெயர் என்றால் பணிவதில்லை, சின்னப் படம் என்றால் இளக்காரமில்லை. ஹிட்ச்கொக் அப்போதே பிரித்தானிய சினிமாவின் செல்லப்பிள்ளை. கிரீனுக்கு அவரைப் பிடிக்கவே பிடிக்காது. சுவாரசியமான கட்டங்களாகப் பார்த்துப் பொறுக்கி வரிசையாக அடுக்கிவிடுகிறார், ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படி வந்தது என்று மட்டும் கேட்கக்கூடாது என்கிற மாதிரி ஒரு குற்றச்சாட்டு. எனக்கு ஹிட்ச்கொக் உயிர். ஆனாலும் கிரீனைப் படித்த பிறகு 'தேர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்' பார்த்தபோது அந்தத் தையல் கண்ணில் பட்டுவிட்டது. பட்ட பிறகு மறைக்க முடியுமா? விடாப்பிடி மனிதர் வேறு. இருபது வருடங்களுக்குப் பிறகு 'அவர் மேன் இன் ஹவானா' நாவலின் பட உரிமையை ஹிட்ச்கொக் கேட்டபோது கொடுக்க மறுத்துவிட்டார். விமர்சனத்தை வாழ்நாள் முழுக்கக் கைவிடாமல் வைத்திருந்த விமர்சகர் என்றால் இவர்தான்.

1936இல் பிரிட்ஸ் லாங்கின் 'ஃபியூரி' வருகிறது. ஓர் ஊர்க் கும்பல், சந்தேகத்தின் பேரில் பிடிபட்ட அப்பாவி ஒருவனைச் சிறையோடு சேர்த்துக் கொளுத்தப் பார்க்கும் கதை. மகத்தான படம் என்ற பட்டத்தை யாருக்கும் லேசில் தராத கிரீன், இதற்குத் தூக்கிக் கொடுக்கிறார். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்த நாட்டில் தமிழராக இருப்பவர் எவரும் அந்தப் படத்தைச் சும்மா பார்த்துவிட்டு எழுந்து போக முடியாது. கிரீன் சொல்லியிராவிட்டால் அப்படி ஒரு படம் இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

கெரொல் ரீட் விஷயம் இன்னும் பிரமாதம். ரீட் யாரென்றே யாருக்கும் தெரியாத காலம். 'மிட்ஷிப்மன் ஈஸி' என்று ஒரு கடல் சாகசப் படத்தோடு வருகிறார். கிரீன் பார்த்துவிட்டு, இந்தப் பையனிடம் சரக்கு இருக்கிறது என்கிறார். பதின்மூன்று வருடம் கழித்து 1949இல் கிரீன் எழுத, ரீட் இயக்க, 'தி தேர்ட் மேன்' வருகிறது! அதைத் தயாரித்தவர்களில் ஒருவர் அலெக்சாண்டர் கொர்டா. யார் இந்தக் கொர்டா? முப்பதுகளில் அவருடைய படங்களைக் கிரீன் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கொர்டா ஒருநாள் ஆளனுப்பிக் கூப்பிட்டார். சண்டைக்கு அல்ல, உன்னிடம் கதை ஏதும் இருக்கிறதா என்று கேட்க. நம் ஊரில் ஒரு தயாரிப்பாளர் விமர்சகரைத் தேடி ஆளனுப்பினால் அது எதற்காக இருக்கும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

எல்லாரும் கொர்டா மாதிரி இருப்பார்களா? 1937இல் 'நைட் அண்ட் டே' என்ற இதழில், ஷெர்லி டெம்பிள் என்கிற குழந்தை நட்சத்திரத்தை ஸ்டூடியோ எப்படி விற்கிறது என்று பச்சையாக எழுதிவிட்டார். வழக்குப் போட்டார்கள். 1938இல் நட்டஈடு 3,500 பவுண். தீர்ப்பு வந்த நேரம் கிரீன் மெக்சிகோவில். அந்தப் பயணத்தில் பிறந்ததுதான் 'தி பவர் அண்ட் தி குளோரி' நாவல். விமர்சனம் எழுதி வழக்கு வாங்கியவர்கள் நிறையப் பேர் உண்டு. அந்த நேரத்தில் போன இடத்திலிருந்து இப்படி ஒரு நாவலோடு திரும்பியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

இதெல்லாம் சரி, கண்டிக்காரன் ஒருவன் இந்த லண்டன்காரருக்காக ஏன் இப்படிக் குதிக்கிறான் என்று கேட்பீர்கள். அங்கேதான் வருகிறேன். ஹொலிவூட் நட்சத்திரங்களை ஏறெடுத்துப் பார்க்காத இந்த மனுஷன் விழுந்து விழுந்து புகழ்ந்த படங்களில் ஒன்று, நம் மண்ணில் எடுத்த விவரணப் படம். அதுவும் தேயிலை விளம்பரத்துக்காக எடுத்தது!

'சோங் ஒஃப் சிலோன்'. 1934இல் பேசில் ரைட் என்ற இளைஞர், ஜோன் டெய்லர் என்ற உதவியாளரோடு இலங்கைக்கு வந்து படம்பிடித்தார். பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. தயாரிப்பாளர், விவரணப் பட உலகின் பீஷ்மர் ஜோன் கிரியர்சன். தேயிலையை விற்றுக்கொடு என்று அனுப்பினால், ரைட் சுமார் நாற்பது நிமிடத்துக்கு ஒரு தியானத்தை எடுத்துக்கொண்டு போய் நின்றார். புத்தர், கன்னித்தீவு, வணிகத்தின் குரல்கள், ஒரு தெய்வத்தின் ஆடை அணி என்று நான்கு பாகம். 1935இல் பிரஸ்ஸல்ஸ் திரைப்பட விழாவில் முதற்பரிசு.

படத்தில் வருகிற வர்ணனை, ரொபர்ட் நொக்ஸின் புத்தகத்திலிருந்து எடுத்தது. நொக்ஸை இந்தப் பக்கத்தில் அறியாதவர் குறைவு. 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டு, இரண்டாம் இராஜசிங்கனின் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது வருடம் கைதியாக இருந்து, 1679இல் தப்பியோடி, 1681இல் புத்தகம் போட்ட ஆங்கிலேயக் கடலோடி. உடுநுவரையில் எலதெத்தவில் வீடு கட்டி, தொப்பி பின்னி விற்றுப் பிழைத்திருக்கிறார். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும். அவருடைய பதினேழாம் நூற்றாண்டு வசனத்தை, கொழும்பு லயனல் வென்ட் தன்னுடைய நிதானமான குரலில் வாசிக்கிறார். வென்ட் என்றால் இன்றைக்கு எல்லாருக்கும் கொழும்பு நாடக மண்டபம்தான் ஞாபகம். அந்த மனிதர் பியானோ கலைஞர், அதைவிடப் பெரிய புகைப்படக் கலைஞர். கண்டிய நடனக்காரர்களை ரைட்டுக்குக் காட்டிக் கொடுத்தவரும் அவர்தான். கைதியின் சொல், கலைஞனின் குரல், மேலே நம் மலை. கேட்கும்போது புல்லரிக்கிறது என்று எழுதினால் மிகையாகத் தெரியும். ஆனால் எனக்குப் புல்லரித்தது, என்ன செய்ய?

இப்போது கிரீனுக்கு வருவோம். முதல் பாகத்தில் யாத்திரிகர்கள் இருட்டில் சிவனொளிபாதமலை ஏறுகிறார்கள். கிழவிகள் மூச்சு வாங்கி உட்காருகிறார்கள், மறுபடி எழுகிறார்கள். உச்சியில் விடிகிறது. ஒருவர் மணியை அடிக்கிறார். அந்த ஓசையில் கிளையிலிருந்து ஒரு சின்னக் குருவி வெடுக்கென்று எழும்பிப் பறக்கிறது. கமரா குருவியின் பின்னே போகிறது. மணியோசையும் கூடவே போகிறது. மலைச்சரிவு, காடு, சமவெளி, தண்ணீர் என்று ஓசை தேய்ந்து தேய்ந்து நாடு முழுக்கப் பரவுகிறது. கிரீன் எழுதுகிறார்: தான் திரையில் பார்த்த காட்சி உவமைகளிலேயே மிக அழகானது அநேகமாக இதுவாகத்தான் இருக்கும் என்று. படத்தின் கட்டமைப்பு அத்தனை நெறியாளர்களுக்கும் பாடம் என்று வேறு சொல்கிறார்.

சின்ன வயதிலிருந்து நல்லதண்ணிப் பக்கமாக மலை ஏறுகிறவன் நான். உச்சியில் அந்த மணியை, எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை தடவை அடிப்பது வழக்கம். நானும் அடித்திருக்கிறேன். அந்த ஓசை எங்கே போய் முடிகிறது என்று ஒரு தடவையாவது யோசித்திருக்கிறேனா? லண்டனில் ஓர் இருட்டறையில் உட்கார்ந்துகொண்டு, இந்த மலையைக் கண்ணால் பார்த்திராத ஒருவர் அதைப் பிடித்துவிட்டார். போன பருவத்தில் ஏறியபோது, அடித்துவிட்டு நகராமல் நின்று கேட்டேன். பின்னால் வரிசையில் நின்ற ஒரு மாமா, "தம்பி, அடிச்சாச்சுன்னா கொஞ்சம் வழிய விடுங்க" என்றார். பரவாயில்லை, கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டேன்.

வீட்டில் மடிக்கணினியில் படத்தைப் போட்டபோது அம்மாயியும் வந்து உட்கார்ந்தது. நாற்பது வருடம் கொழுந்தெடுத்த கை. மூன்றாம் பாகம் வந்தது. மலையில் பெண்கள் கொழுந்தெடுக்கிறார்கள். ஒலித்தடத்தில் லண்டன் சந்தை விலையும் வணிகக் கடித வாசகங்களும் கப்பல் சேதியும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்கின்றன. படத்தில் ஒரு உலகம், காதில் வேறு உலகம். சினிமாப் பாடத்தில் இந்தப் பகுதியைத்தான் தூக்கிப் பிடிப்பார்கள். அம்மாயிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே அது காட்சியை மட்டும் பார்த்தது.

"இவளுக கையப் பாரு, நல்ல கைகாரிக. அரும்போட ரெண்டு எல. முத்தல் ஒண்ணு விழல."

பிறகு சற்று நேரம் கழித்து, "யாரு பெத்த புள்ளைகளோ" என்றது.

கிரீன் இதை எழுதவில்லை. ரைட்டும் சொல்லவில்லை. அந்தப் பெண்கள் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் கூட்டி வந்த குடும்பங்களின் பிள்ளைகள், லயத்தில் இருந்தவர்கள், பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போனவர்கள் என்று படத்தில் ஒரு சொல் இல்லை. தேயிலைச் சபை பணம் கொடுத்த படத்தில் அதை எதிர்பார்க்கவும் முடியாது. ஆனாலும் அந்தக் கைகள் படத்தில் இருக்கின்றன. எந்தச் சபையும் அதை வெட்டியெடுக்கவில்லை. படத்தின் அழகுக்கு முழு மார்க் போட்ட கிரீனோடு, இந்த ஓர் இடத்தில் அம்மாயி பக்கம் நின்று கொஞ்சம் சண்டை போடுவேன். விமர்சகரை விரும்புவது என்றால் அவர் சொன்னதற்கெல்லாம் ஆமாம் போடுவது என்று எவர் சொன்னது?

நான்காம் பாகம் நடனம். பொலன்னறுவைக் கல்விகாரையில் ஒருவர் தனியாகப் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார். பிறகு நடனக்காரர்கள் ஒவ்வோர் அணியாக எடுத்து உடலில் பூட்டுகிறார்கள். மார்புக் கவசம், கைவளை, தலையில் வெஸ் கிரீடம். பெரஹராக் காலத்தில் தலதா வீதியில் தள்ளுமுள்ளில் நின்று இதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆட்டம் தெரியும், முழவு தெரியும். ஆனால் அந்த அணிகளை உடுத்திக்கொள்கிற நிதானத்தை வீதியில் நின்றால் பார்க்க முடியாது. நித்தவெலை குணயா போன்ற மாபெரும் ஆட்டக்காரர்கள் இதில் ஆடுகிறார்கள். நித்தவெலை கண்டி டவுனிலிருந்து கூப்பிடு தூரம். இன்றைக்கு அங்கே ரக்பி மைதானத்தைத்தான் எல்லாருக்கும் தெரியும்.

விவரணப் படம் என்றால் கிரீன் கண்ணை மூடிக்கொண்டு பாராட்டுவார் என்றும் நினைத்துவிடாதீர்கள். விவரணப் படத்தின் தந்தை என்று கொண்டாடப்பட்ட ரொபர்ட் பிளஹர்ட்டி, கொர்டாவுக்காக மைசூருக்குப் போய் 'எலிஃபென்ட் போய்' எடுத்தார். சாபு என்ற யானைப்பாகன் மகனை உலகம் அறிந்தது அதில்தான். 1937இல் கிரீன் அதைத் தூக்கிக் கடாசினார். ஒரு வருடத்துக்கு மேல் இந்தியாவில் இருந்து இவர் பிடித்துக்கொண்டு வந்தது யானை குளிக்கிறதும் நாலு சந்தைக் காட்சியும்தானா என்கிற தோரணை. யானை குளிப்பதைப் பின்னவலையில் நாங்கள் தினமும் காட்டுகிறோம் ஐயா, அதற்கு எதற்குப் பிளஹர்ட்டி என்று எனக்கும் கேட்கத் தோன்றியது. ஒரே ஆள், நம் பக்கத்தில் வந்து எடுத்த ஒரு படத்துக்கு மாலை, இன்னொன்றுக்குச் செருப்படி. இரண்டுக்கும் காரணம் சொல்கிறார். காரணம் சொல்வதுதான் எனக்குப் போதை.

இன்னொரு கூத்து: கிரீன் நாற்காலியை விட்டு எழுந்த பிறகு, 'ஸ்பெக்டேட்டர்' இதழில் சினிமா விமர்சனம் எழுத வந்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே பேசில் ரைட்!

என் நண்பன் ஒருவன் இருக்கிறான். எனக்குக் கிரீன் எப்படியோ, அவனுக்கு அமெரிக்காவின் ரொஜர் ஈபர்ட் அப்படி. எங்கள் சண்டை பெரும்பாலும் கண்டி வாவியைச் சுற்றி நடக்கும்போதுதான். அவனுடைய துருப்புச்சீட்டு 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஒஃப் டூம்'. இந்தியாவில் படம்பிடிக்கக் கதையை மாற்றச் சொன்னதால், 1983இல் ஸ்பீல்பேர்க் கண்டிக்கு வந்துவிட்டார். கிராமத்து செட் ஹந்தானையில். தொங்குபாலம் விக்டோரியா அணைக்கட்டு வேலை நடந்துகொண்டிருந்த பக்கம், மகாவலிப் பள்ளத்தாக்கில். அணை கட்டிக்கொண்டிருந்த பொறியியலாளர்களே பாலத்தையும் போட்டுக் கொடுத்தார்கள். படத்தில் அது இந்தியக் கிராமம். கிராமத்தார் பேசுவதோ சுத்தமான சிங்களம்! பூசாரியாக வருகிற டீ. ஆர். நாணயக்காரவைச் சிங்களப் படம் பார்க்கிற எவருக்கும் தெரியும். ஈபர்ட் இந்தப் படத்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தார், முழு மார்க்.

"குரங்கு மூளை விருந்துக்கு நாலு ஸ்டார் குடுத்த ஆளு மச்சான் உன் ஈபர்ட்" என்பேன்.

"அதே ஆளுதான் மச்சான், 'ஹூப் ட்ரீம்ஸ்'னு ரெண்டு கறுப்பினப் பையன்களோட மூணு மணித்தியால விவரணப் படத்தத் தொண்ணூறுகள்லயே பெஸ்ட்னு சொன்னது. வேடிக்கைப் படத்த வேடிக்கையா பாக்கணும், நெசத்த நெசமா பாக்கணும். உன் வெள்ளக்காரருக்கு சிரிக்கத் தெரியாது."

இதற்கு என்னிடம் பதிலில்லை. ஆனால் ஹந்தானையில் அந்தச் சரிவைக் கடக்கும்போது, ஹரிசன் ஃபோர்ட் நடந்த இடம் இது என்று வந்த விருந்தாளிகளிடம் பீற்றிக்கொள்வது நான்தான், அவனல்ல.

தமிழில் இப்படி ஓர் ஆள் உண்டா என்றால், எங்களுக்கு கே. எஸ். சிவகுமாரன் இருந்தார். மட்டக்களப்பில் பிறந்தவர், 2022இல் மறைந்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய மனிதர். 'அசையும் படிமங்கள்' அவருடைய சினிமா நூல்களில் ஒன்று. சிங்களப் படங்களையும் உலகப் படங்களையும் தமிழ் வாசகனுக்கு அறிமுகப்படுத்தியவர். கிரீன் மாதிரிக் கத்தி வீசமாட்டார், பதமாகச் சொல்வார். சில நேரம் இன்னும் கொஞ்சம் போட்டுத் தாக்கியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றும். ஆனால் சிங்களச் சினிமா பக்கமே எட்டிப் பார்க்காத ஒரு தலைமுறையை நெறியாளர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் பெயரைச் சொல்ல வைத்ததில் அவருக்குப் பங்குண்டு. கத்தியைவிட அது கஷ்டமான வேலை.

'பொன்மணி'யை நான் தேடிப் பார்த்ததும் இப்படிப்பட்ட எழுத்துகளால்தான். கண்டியில் பிறந்து பேராதனையில் படித்த தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள நெறியாளர், 1977இல் யாழ்ப்பாணத்தில், காவலூர் இராசதுரையின் எழுத்தில் எடுத்த தமிழ்ப் படம். சாதியும் சீதனமும் ஒரு பெண்ணை என்ன செய்கின்றன என்பதுதான் கதை. பாட்டும் சண்டையும் எதிர்பார்த்துப் போன கூட்டம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை, தியேட்டரில் ஓடவில்லை. விமர்சகர்கள் விடாமல் பேசிப் பேசி அதை உயிரோடு வைத்திருக்கிறார்கள். வசூல் சொன்ன தீர்ப்பு வேறு, அவர்கள் சொன்ன தீர்ப்பு வேறு. நான் பார்த்துவிட்டு அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டேன். படம் மெதுவாகத்தான் போகும், சில இடங்களில் ஒலி தேய்ந்து கிடக்கும். இருந்தும் அந்த வீட்டு முற்றத்தில் பெண்கள் பேசாமல் உட்கார்ந்திருக்கிற காட்சிகள் எனக்கு இன்னும் விலகவில்லை.

கிரீன் இதைப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று ஒரு நாள் நண்பனிடம் கேட்டேன். "ஒலிப்பதிவ ஒரு பந்தி திட்டிட்டு, மிச்சத்துக்குக் கும்பிட்டிருப்பாரு" என்றான். கிரீனைப் பற்றி அவன் சொன்னதில் நான் ஒத்துக்கொண்டது இது ஒன்றுதான்.

'சோங் ஒஃப் சிலோன்' யூடியூபில் இலவசமாகக் கிடைக்கிறது. போனில் பார்க்காதீர்கள், முடியாதென்றால் நல்ல இயர்போனாவது போட்டுக்கொள்ளுங்கள், மணியோசை தேய்வது போன் ஸ்பீக்கரில் கேட்காது. முதலில் படம், பிறகு கிரீன். வீட்டில் கொழுந்தெடுத்த பாட்டி யாராவது இருந்தால் மூன்றாம் பாகத்துக்குக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளுங்கள்.